சுட்டுவிரல் தானாகத் துடிக்கிறது, எதனால் இருக்கும்?

இரவுவேலை (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்):

எல்லோருக்கும் வணக்கம். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதை கொஞ்ச நாளாகத் தானாகத் துடிக்கிறது. நோ இல்லை. துடிக்கும்போது தோலுக்குக் கீழே புழு நெளிவதுபோலத் தெரியும், சுட்டுவிரலும் மெல்ல ஒரு பக்கம் இழுபடும், பிறகு நின்றுவிடும். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறேன், அவர்களுக்குப் பகல் என்றால் எனக்கு இரவு, ஆகவே விடியும்மட்டும் மவுசும் கையும்தான், பக்கத்தில் பிளாஸ்க் நிறையக் கோப்பி. இணையத்தில் தேடினால் உடனே ஏ.எல்.எஸ். (நரம்பு பழுதாகிச் சதை மெல்ல மெல்லப் பலமிழக்கிற பெரிய வருத்தம்) என்று வருகிறது, அதை வாசித்தபிறகு இருந்த நித்திரையும் போய்விட்டது. அம்மம்மா பஞ்சாங்கத்தை எடுத்துவைத்து ஆம்பிளைக்கு வலப்பக்கம் துடித்தால் நல்லதுதான் என்கிறா. ஆருக்காவது இப்படி வந்திருக்கிறதா? எந்த டொக்டரிட்டப் போவது?

மருந்துக்கடை அக்கா:

தம்பி, நீங்கள் எழுதினதிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. நித்திரைக் குறைவு, கோப்பி, ஒரே கையால் ஓயாத வேலை, போதாக்குறைக்குப் பயம். இந்த நாலும் சேர்ந்தால் நல்ல சுகதேகிக்கும் சதை துடிக்கும். கண்மடல் துடிப்பதும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஆனால் வேறு ஏதாவது குளிசை பாவிக்கிறீங்களா என்று சொல்லவில்லையே. முட்டு வருத்தத்துக்குச் சல்பியூட்டமோல் எடுப்பவர்களுக்கு, அதுவும் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் குளிசையாகப் போடுபவர்களுக்கு, கைவிரல் நடுங்கும். அது நடுக்கம், உங்களுடையதுபோல ஒரு இடத்துத் துடிப்பு இல்லை, என்றாலும் கேட்டுவைப்பது நல்லது. பிரஷருக்குச் சலம் போகக் கொடுக்கிற சில மருந்துகள் பொட்டாசியத்தைக் குறைக்கும். வயிற்றெரிவுக்கு ஒமிப்பிரசோலை ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் போட்டால் சிலருக்கு மக்னீசியம் இறங்கும், அப்போதும் சதை துடிக்கும், பிடித்து இழுக்கும்.

இதை வாசித்துவிட்டு மக்னீசியக் குளிசை வாங்க ஓடிவராதீங்கோ. இரத்தத்தில் குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதைப் போடுவதில் அர்த்தமில்லை, சிறுநீரக வருத்தக்காரருக்கு ஆபத்தும்கூட. எள்ளு, கச்சான், பயறு, கீரை, இவற்றில் தாராளமாக இருக்கிறது.

பழைய தாதி:

அக்கா சொன்னது சரி. நான் அந்த ஏ.எல்.எஸ். பயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடுகிற எல்லோரும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

துடிப்பு மட்டும் தனியாக வருவது அந்த வருத்தத்தின் வழமையான தொடக்கம் இல்லை. அதில் பெரும்பாலும் பலம் குறைவதுதான் முன்னுக்கு வரும்: சட்டைப் பொத்தான் போடமுடியாது, திறப்பைத் திருப்பமுடியாது, கால் தடக்கும், பேச்சுக் குழறும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு 1963 இல் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன் வெளியே தெரிந்ததும் அவர் தடுமாறி விழுந்ததுதான். உங்கள் கை வேலையெல்லாம் முன்புபோலச் செய்கிறதென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் படுங்கோ.

எனக்கு யோசனை வேறு. நீங்கள் சொன்ன அந்தச் சதைக்குப் போவது முழங்கையின் உட்பக்கத்தால் ஓடுகிற அல்நார் நரம்பு. இடிபட்டால் சுள் என்று கை முழுக்க மின்சாரம் பாய்கிற இடம் இருக்கிறதே, அதுவேதான். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்காக இருந்தால் அது நசியும். சின்னிவிரலும் மோதிரவிரலின் அரைவாசியும் விறைக்கிறதா? அதற்குப் பதிலாகப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்தால் அது மணிக்கட்டில் வேறொரு நரம்பு நசிவது. பிடரியிலிருந்து நோ இறங்கினால் கழுத்தெலும்பைப் பார்க்கவேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்துபாருங்கோ. ஒரு கடதாசியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையில், பெருவிரலை நீட்டியபடி இறுக்கிப் பிடியுங்கோ, மற்றவரை இழுக்கச் சொல்லுங்கோ. பெருவிரலின் நுனிமூட்டு மடிந்துதான் பிடிக்கமுடிகிறது என்றால் அந்த நரம்பின் பலம் குறைந்திருக்கலாம். இரண்டு கையிலும் செய்து ஒப்பிடவேண்டும். கையின் பின்பக்கம், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் குழி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கோ.

கோப்பாய்த் தோட்டம்:

தம்பி மேசைவேலை, அவருக்கு இது பொருந்தாது, ஆனாலும் எங்கள் பக்கத்தில் வாசிக்கிற ஆக்களுக்காக எழுதுகிறேன். வெங்காயத்துக்கோ புகையிலைக்கோ மருந்தடித்துவிட்டு வந்தபிறகு சதை அங்கங்கே துடித்தால் வீட்டில் இருந்து யோசிக்கக்கூடாது. ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்துகள் தோலாலும் மூச்சாலும் உள்ளே போய், நரம்புக்கும் சதைக்கும் நடுவில் செய்தியை நிறுத்துகிற நொதியை முடக்கிவிடும், செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால் சதை துடிக்கும். வியர்க்கும், வாயூறும், சத்தி வரும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, நேரே ஆசுபத்திரி. போத்தலையும் கொண்டுபோகவேண்டும். அந்த வகையில் ஒன்றான மோனோகுரோட்டோபொசை 1995 இலேயே தடைசெய்தார்கள், பிறகும் சிலதை நிறுத்தினார்கள், அதற்காகக் கடையில் இப்போது இருப்பதெல்லாம் பன்னீர் என்று அர்த்தமில்லை. எங்களுடைய ஆக்கள் சாரத்தோடு வெறுங்காலில் நின்று அடிக்கிறார்கள், சொன்னால் கேட்பதுமில்லை.

இரவுவேலை:

எல்லோருக்கும் நன்றி. குளிசை ஒன்றும் இல்லை, முட்டும் இல்லை. கடதாசியைத் தங்கச்சி இழுத்தாள், இரண்டு கையும் ஒரேமாதிரித்தான் பிடித்தது, குழியும் இல்லை. ஆனால் பழைய தாதி கேட்டதுபோல விடியப்புறத்தில் சின்னிவிரல் விறைக்கிறது, நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மேசையின் ஓரம் கூராகத்தான் இருக்கிறது. நேரே நரம்பு டொக்டரைச் சனல் பண்ணவா?

பழைய தாதி:

இப்போதைக்குத் தேவையில்லை. வழமையாகக் காட்டுகிற டொக்டர் போதும், அவர் தைரொயிட்டும் கல்சியம், பொட்டாசியமும் பார்க்கச் சொல்லலாம். தேவை என்றால் அவரே நரம்பு ரெஸ்ற்றுக்கு அனுப்புவார். விறைப்பு முழுநாளும் நின்றாலோ, பிடி தளர்ந்தாலோ, துடிப்பு மற்றக் கைக்கோ காலுக்கோ பரவினாலோ பிந்தவேண்டாம்.

டொக்டரிட்டப் போகும்வரைக்கும் கதிரையை உயர்த்தி முழங்கை மேசையில் படாமல் இருங்கோ. படுக்கும்போது ஒரு துவாயை முழங்கையில் தளர்வாகச் சுற்றினால் கை முழுக்க மடியாது. ஃபோனைக் காதில் வைத்து நெடுநேரம் கதைப்பதையும் விடுங்கோ. கோப்பியை ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடிக்கும், மெல்ல மெல்லக் குறையுங்கோ. துடிக்கும்போது ஃபோனில் வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கோ, டொக்டருக்கு முன்னால் போய் இருந்தால் அது துடிக்கவே துடிக்காது.