ரேடியேட்டர் ஃபேன் பேரிங்: நாமே மாற்றலாமா, மோட்டாரையே மாற்றணுமா?

வெலிங்டன்வாசி:
என் கார் 2002 மாடல். ஒரு மாதமாக ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் கரகரவென்று சத்தம். ஞாயிறன்று மோட்டாரைக் கழற்றிக் கையால் சுற்றினேன். உள்ளே மணல் அரைபடுவது போல் இருந்தது. ஷாஃப்டிலும் ஆட்டம். திறந்து பார்த்தால் 608 எண் பேரிங்: 8 மில்லி துளை, 22 மில்லி வெளிவிட்டம், 7 மில்லி அகலம். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக வாங்கித் தட்டி ஏற்றினேன். சத்தம் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். அந்தச் செலவு தேவையே இல்லை.

பர்லியார் டிரைவர்:
சார், தப்பா நினைக்காதீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். சமவெளின்னா சரிங்க. இங்கே கல்லாறு தாண்டினா குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி. சீசன்ல பஸ்ஸுக்குப் பின்னாடி ஊர்ந்துதான் ஏறணும். அந்த வேகத்துல எதிர்க்காத்து ரேடியேட்டருக்குப் பத்தாது, ஃபேனை நம்பித்தான் வண்டி. நான் ஓட்டின வண்டிக்கு இப்படித்தான் பேரிங் மட்டும் மாத்திக் குடுத்தாங்க. பத்தே நாள்ல காட்டேரி கிட்ட ஃபேன் இறுகி ஃபியூஸ் போச்சு. நான் கவனிக்கறதுக்குள்ள இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட்டும் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில இருக்கற சீல்) போச்சு. வண்டியில கைக்குழந்தையோட ஒரு குடும்பம், வெளியே மழை. அன்னிக்கு நான் பட்டது போதும்.

வெலிங்டன்வாசி:
அண்ணா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது பேரிங்கின் குற்றமா, மாட்டியவரின் குற்றமா? நல்ல மோட்டாரை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

ஊட்டி வைண்டிங்:
இருபது வருஷமா மோட்டார் வேலை பார்க்கிறேன். பேரிங் மட்டும் மாத்தலாம், ஆனா ஏத்துற விதம் முக்கியம். ஷாஃப்டுல ஏத்தும்போது பேரிங்கோட உள்வளையத்துல மட்டும்தான் அழுத்தணும். வெளிவளையத்துல தட்டினா அடி முழுக்க குண்டு வழியாப் போய், குண்டு ஓடுற பாதையில பொடிப்பொடியா குழி விழும். முதல்ல சத்தம் தெரியாது. உள்வளையத்துல மட்டும் உட்கார்ற பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட்டை வெச்சு நேரா இறக்குங்க.

மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கற கார்பன் பிரஷ் பாத்தீங்களா? தேஞ்சிருந்தா புது பேரிங் போட்டும் பிரயோஜனமில்லை. கம்யூட்டேட்டர்ல, அதாவது பிரஷ் உரசுற செப்பு உருளையில, பள்ளம் இருந்தா டிரைவர் சொல்றதுதான் சரி, மோட்டாரையே மாத்துங்க. சில மோட்டார்ல குண்டு பேரிங்கே கிடையாது, குண்டு இல்லாத வெண்கலக் குழாய் மாதிரி புஷ்தான். அதுல 608 உட்காராது. கழற்றும்போது இறக்கைக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்குங்க, மாறினா அதிரும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாம கையை உள்ளே விடாதீங்க. இன்ஜின் நின்ன பிறகும் சில வண்டியில ஃபேன் தானா சுத்தும்.

பர்லியார் டிரைவர்:
அண்ணா, இவ்வளவும் பார்த்துச் செய்யறவங்க எத்தனை பேரு? இன்னொண்ணு, ஊட்டி உயரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிடும். ரேடியேட்டர் மூடி பிரஷரைப் பிடிக்கறதாலதான் தாங்குது. ரப்பர் வாஷர் வெடிச்ச மூடியோட ஃபேனும் நின்னா அங்கேயே கொதிச்சிடும். வேலை முடிஞ்சதும் நிறுத்தின இடத்துலயே இன்ஜினை ஓட விட்டு, ஃபேன் மூணு தடவை தானா ஓடி நிக்குதான்னு பாருங்க.

வெலிங்டன்வாசி:
நான் வெளிவளையத்தில்தான் தட்டினேன். பிரஷைப் பார்க்கவே இல்லை. புது பேரிங் வாங்கி நாளை மறுபடி திறக்கிறேன்; பிரஷ் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுவேன். கம்யூட்டேட்டர் நன்றாக இருந்தால் மோட்டாரை மாற்றப் போவதில்லை.

பர்லியார் டிரைவர்:
உங்க இஷ்டம் சார். அதுவரைக்கும் குடும்பத்தோட காட் ரோட்டுல இறங்காதீங்க.