11 இதழ் பரபரப்பு, 12-வதில் புஸ்வாணம்

இதழ் இதழாகக் காத்திருந்து படித்த கதை கடைசியில் சப்பென்று முடிந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு அது 2012-ல் வந்த ‘அவெஞ்சர்ஸ் வெர்சஸ் எக்ஸ்-மென்’. 5 எழுத்தாளர்கள் மாறி மாறி எழுதிய 12 இதழ் மார்வெல் காமிக்ஸ் தொடர், இரண்டு சூப்பர் ஹீரோ அணிகள் மோதிக்கொள்ளும் கதை.

விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் பீனிக்ஸ் என்ற பேரழிவு சக்தியை அவெஞ்சர்ஸ் அணியின் அயர்ன் மேன் தகர்க்கப் பார்க்க, அது சிதறி எக்ஸ்-மென் ஐந்து பேருக்குள் புகுந்துகொள்ளும். அங்கேதான் கதை சூடு பிடித்தது. 9-வது இதழை இன்னமும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று ஸ்பைடர்மேன் தனியாளாக நின்று அந்த ஐவரில் இருவரான கொலோசஸிடமும் அவன் தங்கை மேஜிக்கிடமும் அடி வாங்குவான். எழக்கூடத் தெம்பில்லை, ஆனால் வாய் மட்டும் ஓயாது! அந்த வாயாலேயே அண்ணனையும் தங்கையையும் மூட்டிவிட்டு, ஒருவரையொருவர் அடித்து விழ வைப்பான்.

11-வதில் அந்த ஐவரில் இன்னொருவனான எக்ஸ்-மென் தலைவன் சைக்ளாப்ஸ், தந்தை ஸ்தானத்தில் இருந்த பேராசிரியர் சேவியரையே கொன்றுவிடுகிறான். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, 12-வது வந்தது. சண்டை, நெருப்பு, அப்புறம் அவெஞ்சர்ஸ் அணியின் மாயக்காரி வாண்டாவும் எக்ஸ்-மென் பக்கத்துப் பெண் ஹோப்பும் சேர்ந்து “இனி பீனிக்ஸ் இல்லை” என்கிறார்கள். தீர்ந்தது. 2005-ல் ‘ஹவுஸ் ஆஃப் எம்’ தொடரில் இதே வாண்டா “இனி மியூட்டன்ட்கள் இல்லை” என்று சொல்லி, எக்ஸ்-மென் மாதிரி பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட அந்த இனத்தையே கிட்டத்தட்ட இல்லாமலாக்கினாளே, அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் மனசில் ஒட்டவில்லை. சேவியர் செத்த துக்கம் எங்கே போயிற்று? சிறையில் சைக்ளாப்ஸும் கேப்டன் அமெரிக்காவும் பேசும் இடம்தான் தேறியது. மியூட்டன்ட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அது போதும் என்று உட்கார்ந்திருக்கிறான் சைக்ளாப்ஸ். அதை இன்னும் நாலு பக்கம் இழுத்திருக்கலாம். மோசம் என்று சொல்ல மாட்டேன். சுமார்.

மறுமொழி:
எனக்கு அப்படிச் சப்பென்று முடிந்தது ‘சிவில் வார்’, மார்வெல் ஹீரோக்கள் இரண்டாகப் பிரிந்து மோதும் கதை. 7 இதழ்தான், ஆனால் தள்ளித் தள்ளிப் போய் 2007-ல் முடிந்தது. ஜெயிக்கப் போகிற நேரத்தில் சாதாரண ஜனங்கள் பாய்ந்து கேப்டனைப் பிடித்துக்கொள்ள, சுற்றிலும் ஊர் நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்துச் சரணடைந்துவிடுவார். இவ்வளவுதானா என்று தூக்கிப் போட்டுவிட்டேன். பின்னால் தொகுப்பாக ஒரே மூச்சில் படித்தபோது அந்த முடிவு அவ்வளவாக உறுத்தவில்லை. நீங்களும் அப்படிப் படித்துப் பாருங்களேன்.

மறுமொழி:
படித்தாயிற்று நண்பரே, இரண்டு தடவை. 9-வது இன்னும் நன்றாகியிருந்தது. 12-வது அப்படியேதான் இருக்கிறது.