இலட்சத்தில் ஒரு பங்கு மேடு பள்ளம் இத்தனை விண்மீன் திரளாக வளருமா?

அக்கரைப்பற்று வயல்காரன்:
போன ஞாயிறு மட்டக்களப்பில் ஒரு வானியல் பேச்சுக்குப் போயிருந்தேன். பேசிய தம்பி நன்றாகத்தான் பேசினார், ஆனால் ஓரிடத்தில் எனக்கு மண்டை நின்றுவிட்டது. பிரபஞ்சம் தொடங்கி 380,000 ஆண்டு ஆனபோது எல்லாத் திக்கிலும் கிட்டத்தட்ட ஒரே சூடாம், இடத்துக்கு இடம் வித்தியாசம் இலட்சத்தில் ஒரு பங்குதானாம். அதுதான் வளர்ந்து இன்றைக்கு விண்மீன் திரள்களாகவும் அவற்றுக்கு நடுவே கோடிக்கணக்கான ஒளியாண்டு அகலமான வெறும் வெளியாகவும் நிற்கிறதாம். ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் இலட்சத்தில் ஒன்று என்றால் நூறில் ஒரு மில்லிமீற்றர். நான் வயலில் மட்டம் தட்டுகிறவன். நாலு விரல் பள்ளம் இருந்தால் தண்ணீர் தேங்கி நெல் அழுகும், அது விளங்குகிறது. நூறில் ஒரு மில்லிமீற்றருக்குப் பள்ளம் என்று பெயர் வைப்பார்களா?

கல்லடிக்காரன்:
அண்ணன், மாரி வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மணல்மேட்டில் மண்வெட்டியால் ஒரு கீறல் போட்டால் போதும். முதல் அரைமணி நேரம் குடத்திலிருந்து சிந்தினது போல ஒரு கோடு தண்ணீர்தான் ஓடும், பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். மறுகா ஓடுகிற தண்ணீரே கரையை அரிக்கும், அரித்த இடத்தால் இன்னும் கூடத் தண்ணீர் பாயும், பாய்ந்தால் இன்னும் அரிக்கும், விடியப்புறம் போய்ப் பார்த்தால் தோணி போகிற அகலம். ஈர்ப்பும் அப்படித்தான். அக்கம்பக்கத்தை விட மயிரிழை அடர்த்தி கூடின இடம் பக்கத்தில் உள்ளதை இழுக்கும், இழுத்ததால் அடர்த்தி கூடும், கூடினதால் இழுவையும் கூடும். உங்கள் வயல் பள்ளம் தானாக ஆழமாகாது, இது ஆகும். கையில் 1,380 கோடி ஆண்டு இருக்கிறது. சின்னதாகத் தொடங்கினதில் என்ன குறை?

யாரோ ஒருவன்:
இது தெரிந்தால் நெல் விலை ஏறுமா?

அக்கரைப்பற்று வயல்காரன்:
தெரியாமல் இருந்த காலத்திலும் ஏறவில்லையே தம்பி. பேச விடுங்கள்.

சம்மாந்துறை காக்கா:
முகத்துவார உவமை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கல்லடித் தம்பி பெரிய ஒன்றை விட்டுவிட்டார். அந்த மணல்மேடு நின்ற இடத்தில் நிற்கும். பிரபஞ்சம் நிற்கவில்லை, விரிகிறது. நிற்கிற வெளியாக இருந்தால் அடர்த்தி வட்டிக்கு வட்டி போலப் பெருகும். விரிகிற வெளியில் ஈர்ப்பு சேர்க்கிறதை விரிவு கலைத்துக்கொண்டே இருப்பதால், பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிந்ததோ ஏறக்குறைய அத்தனை மடங்குதான் ஏற்றத்தாழ்வும் வளரும். அந்த 380,000ஆம் ஆண்டிலிருந்து இன்று வரை விரிந்தது ஏறத்தாழ 1,100 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், நூற்றுக்கு ஒன்று வரும். அடர்த்தி வித்தியாசம் சூட்டு வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு என்று கூட்டிப் போட்டாலும் நூற்றுக்கு மூன்று நாலைத் தாண்டாது. நமது திரளான பால்வெளி இருக்கிற இடத்திலோ அடர்த்தி சராசரியை விட ஆயிரக்கணக்கான மடங்கு. நூற்றுக்கு மூன்றை வைத்துக்கொண்டு ஒரு திரளும் கட்ட முடியாது. வயல்காரர் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை.

அக்கரைப்பற்று வயல்காரன்:
பார்த்தீர்களா. காக்கா கணக்குச் சேராக இருந்தவர்.

கல்லடிக்காரன்:
காக்காவின் கணக்கு சரி. அவசரத்தில் எழுதியது என் பிழைதான். ஆனால் அது நாம் அறிந்த சாதாரணப் பொருளுக்கு மட்டும் போட்ட கணக்கு. அப்போதிருந்த சூட்டில் இலத்திரன்கள் அணுவில் அடங்காமல் அலைந்தன, ஒளி நாலு எட்டு வைப்பதற்குள் அவற்றில் முட்டிக்கொண்டது. அதனால் சாதாரணப் பொருளை ஈர்ப்பு குவிக்கப் பார்த்தாலும் ஒளியின் அழுத்தம் திருப்பித் தள்ளியது. அதற்கு ஊசலாட முடிந்ததே தவிரக் குவிய முடியவில்லை. ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டுகிற கரும்பொருள் என்று ஒன்று உண்டு, அதற்கு ஒளியோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. அது ஏறத்தாழ 50,000ஆம் ஆண்டிலிருந்தே குவியத் தொடங்கிவிட்டது. பிறகு சூடு ஆறி, இலத்திரன்கள் அணுக்களுக்குள் அடங்கி, ஒளி தன் வழியே போனதும், சாதாரணப் பொருள் ஏற்கெனவே தோண்டி வைத்த குழிகளில் போய் விழுந்தது. நாம் வானத்தில் அளக்கிற இலட்சத்தில் ஒன்று அந்த ஒளியின் நிலவரம். குழி அதைவிட ஆழம்.

அக்கரைப்பற்று வயல்காரன்:
சரிதான். கணக்கு இடித்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். கல்லாவில் காசு குறைகிறது என்று கடைக்காரன் கொப்பியில் தெரியாத ஒருவன் பெயரில் கடன் எழுதி வைப்பது போல இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர்.

தாழங்குடா பிள்ளை:
மாமா, கொப்பியில் எழுதினது முன்னுக்கு, காசு எண்ணினது பின்னுக்கு என்றால்? வானியலாளர் வேரா ரூபின் 1970களில் விண்மீன் திரள்கள் சுழலும் வேகத்தை அளந்தபோதே தெரிகிற பொருள் போதாது என்று வந்துவிட்டது, அது வேறு வழக்கு. 1982இல் இயற்பியலாளர் ஜிம் பீபிள்ஸ் கரும்பொருளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, அன்று விலகி இன்றும் வானமெங்குமிருந்து வருகிற அந்தப் பின்னணி ஒளியில் ஏற்றத்தாழ்வு இலட்சத்தில் ஒன்றுக்குக் கிட்டத்தான் இருக்கும் என்றார். அதற்குப் பத்து வருடம் கழித்து, 1992இல்தான் கோபே செயற்கைக்கோள் அதைக் கண்டது.

இன்னொன்று. கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் என் அப்பப்பா தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியை என் காதில் வைத்தார். பாடுமீன் என்பார்கள், மீன் ஒன்றையும் காணவில்லை. மரத்தில் ஏறி வந்த அதிர்வுதான், கம்பியை மெல்லத் தட்டுகிற மாதிரி. கல்லடி அண்ணன் ஊசலாட்டம் என்றாரே, அதுவும் ஒலிதான். அடர்த்தி கூடின ஒவ்வொரு இடத்திலிருந்தும் அது வளையமாகக் கிளம்பி, ஒளி விலகினதும் அப்படியே உறைந்து நின்றது. அந்த வளையம் இன்றைக்கு விரிந்து ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டு ஆரம் இருக்க வேண்டும், அப்படியானால் விண்மீன் திரள்களுக்கு இடையே அந்தத் தூரத்தில் சோடிகள் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். 2005இல் 46,000க்கு மேற்பட்ட திரள்களை எண்ணிப் பார்த்தார்கள், இருந்தது. கரும்பொருளே இல்லாமல் சாதாரணப் பொருள் மட்டும் என்றால் அந்தக் கூடுதல் அத்தனை மெலிதாக இருக்காது, முகத்தில் அறைகிற மாதிரித் தெரிந்திருக்கும்.

சம்மாந்துறை காக்கா:
பிள்ளை சொன்ன வளையத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. வளர்ந்த கதையை ஒத்துக்கொள்கிறேன், விதை எங்கிருந்து வந்தது என்பதில்தான் இன்னும் நிற்கிறேன். முதல் நொடியின் மிகச் சிறு துண்டுக்குள் வெளி வெடுக்கென்று வீங்கியது, அணுவை விடச் சின்ன குவாண்டம் நடுக்கங்கள் அதில் இழுபட்டு மேடு பள்ளமாயின என்கிறார்கள். சோவியத் இயற்பியலாளர்கள் முகானோவும் சிபிசோவும் 1981இலேயே கணக்குப் போட்டார்கள். அகலமான மேடு பள்ளமும் குறுகலான மேடு பள்ளமும் வலுவில் ஏறக்குறைய சமம், ஆனால் முற்றிலும் சமம் இல்லை என்பது அதன் முடிவு. முழுச் சமம் என்றால் 1 வர வேண்டிய எண், பிளாங்க் செயற்கைக்கோளின் அளவையில் 0.965. நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்த வீக்கம் வெளியையே நெளிக்கிற ஈர்ப்பலைகளையும் விட்டுப் போயிருக்க வேண்டும். 2014 மார்ச்சில் தென்துருவத்துத் தொலைநோக்கியில் அதன் தடம் கிடைத்தது என்று உலகமே கொண்டாடியது, அடுத்த வருடமே நமது பால்வெளித் தூசி என்று ஆயிற்று.

கல்லடிக்காரன்:
அதில் நானும் உங்கள் பக்கம்தான் காக்கா. அலை பிடிபடும் வரை வீக்கத்தை நல்ல ஊகம் என்றே சொல்வேன். ஆனால் அதை வைத்து மற்றதையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டாம்.

அக்கரைப்பற்று வயல்காரன்:
1982இல் முன்கூட்டியே சொன்னார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி, அதற்கு மட்டும் தலையாட்டுகிறேன். அந்தக் கணக்கைத் தமிழில் படிப்படியாக எழுதிப் போடுங்கள் பிள்ளை, நேரம் எடுத்தாலும் பார்ப்பேன். கரும்பொருள் கையில் பிடிபடட்டும், கல்லடித் தம்பிக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் என் செலவு.

கல்லடிக்காரன்:
தயிர் புளித்துவிடும் அண்ணன். முப்பது நாற்பது வருடமாகத் தேடுகிறார்கள்.