பகுநிதியா, பகிர்வுத் தொகையா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம்.

கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பொதுவருவாய், பொதுச்செலவு கையேடு வெள்ளி காலை அச்சகம் போகிறது. ஒரே ஒரு சொல் தொண்டையில் நிற்கிறது: டிவிசிபிள் பூல். மலையாளப் படியில் அப்படியே ஒலிபெயர்த்து விட்டுவிட்டார்கள். பழைய தமிழ்ப் படியில் 'பகிர்ந்தளிக்கத்தக்க வரிகளின் தொகுப்பு நிதி' என்று இருக்கிறது. அட்டவணைக் கட்டத்துக்குள் அது மூன்று வரி பிடிக்கிறது.

பொருள் எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் வரையறையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசு வசூலிக்கும் வரிகளில் செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வசூலிப்பது), சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி), வசூல் செலவு மூன்றும் போக, மாநிலங்களோடு பங்கு போட வேண்டிய மீதி. 15-ஆம் நிதி ஆணையத்தின் 2021–26 கணக்குப்படி அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. அந்த 41-க்குள் தமிழ்நாட்டுக்கு 4.079, ஆந்திரத்துக்கு 4.047, கேரளத்துக்கு 1.925 சதவீதம்.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்றுதான். 'மொத்த வரியில் கேரளத்துக்கு 1.925 சதவீதம்' என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லே அதைத் தடுக்கிற மாதிரி இருந்தால் நல்லது. நாலு எழுத்தானாலும் சரி, எட்டு எழுத்தானாலும் சரி, ஒரு வரிக்குள் அடங்க வேண்டும்.

பாறசாலையிலிருந்து, செவ்வாய் காலை

டீச்சர், 'பகுநிதி' என்று போடுங்கள். இதற்கு வெள்ளி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நன்னூலில் பகுபதம், பகாப்பதம் படித்திருக்கிறார்கள். கணக்கில் பகு எண், பகா எண் படித்திருக்கிறார்கள். இரண்டும் அதே பிள்ளைகள்தான். பகுநிதி வினைத்தொகை: பகுத்த நிதி, பகுக்கின்ற நிதி, பகுக்கும் நிதி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆணையம் வந்து பகுப்பதால் மூன்று காலமும் பொருந்துகிறது. எதிர்ச்சொல்லும் இலவசமாகக் கிடைக்கிறது: செஸ், சர்சார்ஜ் இரண்டும் 'பகாநிதி'.

'வகுநிதி' என்று யாராவது வருவார்கள். 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்' என்ற குறளை எடுத்துப் பாருங்கள். அங்கே வகுத்தல், காத்த பொருளைச் செலவுகளுக்கு ஒதுக்குவது. அது பட்ஜெட் வேலை. நாம் பேசுவது அதற்கு முந்திய படி.

தேவிகுளத்திலிருந்து, செவ்வாய் மதியம்

மாஷே, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது காது. நம் பக்கத்துப் பிள்ளைக்கு 'பகுதி' என்றால் பாதி. மலையாளத்தில் நாள் முழுக்கக் கேட்கிற சொல். 'பகுநிதி'யை வேகமாக வாசித்தால் 'பகுதிநிதி' ஆகும். அடுத்த வரியில் 50 சதவீதம் என்று எழுதும். 41-ஐ நிலைநிறுத்தத்தான் இவ்வளவு பாடு.

இரண்டாவது பெரியது. 'நிதி' என்றால் ஒரு கணக்குத் தலைப்பு இருக்க வேண்டும். கேரளப் பஞ்சாயத்துக் கணக்கில் வளர்ச்சி நிதி, பராமரிப்பு நிதி, பொதுநோக்க நிதி என்று மூன்று வருகிறது. மூன்றும் தனித்தனியே வந்து சேரும், தனித்தனியே செலவு எழுதப்படும். டிவிசிபிள் பூல் என்ற பெயரில் எந்தக் கருவூலத்திலும் ஒரு பெட்டி கிடையாது. அது ஒரு கழித்தல் கணக்கின் விடை, அவ்வளவுதான். அரசமைப்பிலும் அந்தத் தொடர் இல்லை. 270-ஆம் உறுப்பு 'நிகர வருவாய்' என்றுதான் பேசுகிறது. நிகர வருவாய் இவ்வளவு என்று சான்று தருவது தலைமைக் கணக்குத் தணிக்கையர், 279-ஆம் உறுப்பின்படி.

கையேட்டில் இப்படி ஒரு கணக்குப் போடலாம். எண்கள் கணக்குக்காக வைத்தவை என்று மேலேயே எழுதிவிடுங்கள். மொத்த வரி 100 ரூபாய். செஸ், சர்சார்ஜ் 15 கழித்தால் 85. வசூல் செலவு 1 கழித்தால் 84. இந்த 84-க்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். 84-இல் 41 சதவீதம் 34 ரூபாய் 44 காசு. அதில் 1.925 சதவீதம் 66 காசு. நூறு ரூபாயில் 1 ரூபாய் 92 காசு என்று எழுதிய பிள்ளைக்கு, கைக்கு வருவது 66 காசு என்று தெரிந்தால் பிறகு மறக்காது.

நகரியிலிருந்து, செவ்வாய் இரவு

கைக்குள் சொல்லை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறீர்களே!

வாரம். ஏழு நாள் வாரம் இல்லை. மேல்வாரம், குடிவாரம் என்கிறோமே, அந்த வாரம். விளைச்சலில் அரசுக்கோ மிராசுதாரருக்கோ போவது மேல்வாரம், உழுதவனுக்கு நிற்பது குடிவாரம். ஒரே களத்து நெல், இரண்டு உரிமை. இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? 59 மேல்வாரம், 41 குடிவாரம். பிரிக்க வேண்டிய குவியல் 'வாரப்பொலி'. பொலி என்றால் களத்து நெற்குவியல்; தூற்றினால் பதர் நீங்கும். செஸ், சர்சார்ஜ் நீங்கியதும் அப்படித்தானே?

வேரும் பாருங்கள். தோல்வார் என்பது நீளக் கீறியது. வார்தல், வகிர்தல், தலையில் எடுக்கும் வகிடு. வகிர், பகிர், வகு, பகு. பகரமும் வகரமும் மாறி மாறி வரும் ஒரே குடும்பம். அம்மா வகிடு எடுத்துத் தலைவாரிவிடும்போது நடப்பதும் வாரம் பிரிப்பதுதான். வாருதல் என்ற வினையையும் இங்கே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன், நாளை விரிவாக எழுதுகிறேன்.

சித்தூரிலிருந்து (ஆந்திரச் சித்தூர், போன முறை பாலக்காட்டுச் சித்தூர் என்று நினைத்து அழைப்பிதழ் அனுப்பினீர்கள்), புதன் காலை

நகரி ஐயா, தலைவாருவதற்கும் வரிக்கும் உள்ள உறவை ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். வாரத்தில் ஒரே சிக்கல்: 'மாநில வாரம்' என்று பலகையில் எழுதினால் ஏதோ விழா என்று நினைப்பார்கள்.

எனக்குச் சொல்லைவிட டீச்சரின் வரையறையில்தான் முதல் குறை. 'ஒன்றிய அரசு வசூலிக்கும் வரிகளில்' என்பது அப்படியே நின்றால் தப்பு. கோவையிலிருந்து 1,00,000 ரூபாய்ச் சரக்கு பாலக்காட்டில் ஒரு வீட்டுக்குப் போகிறது, வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலம் கடப்பதால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையிலான சரக்கு, சேவை வரி) 18,000. வசூலிப்பது ஒன்றிய அரசுதான். ஆனால் பாதி, 9,000, சரக்கு நுகரப்படும் கேரளத்துக்கு நேராகப் போய்ச் சேரும். அது பங்குக் கணக்குக்குள் வராது; 270-ஆம் உறுப்பே ஐஜிஎஸ்டி பற்றிய 269ஏ-வை விலக்கி வைத்திருக்கிறது. மற்ற 9,000 ஒன்றியத்துக்கு. அதுதான் உள்ளே வரும். வசூல் செலவை விட்டுவிட்டுப் பார்த்தால் அதில் 41 சதவீதம் 3,690. அதில் கேரளத்துக்கு 71 ரூபாய், சரக்கை அனுப்பிய தமிழ்நாட்டுக்கு 150 ரூபாய் சொச்சம். ஒரே பில்லில் கேரளம் 9,000-ம் பெறுகிறது, 71-ம் பெறுகிறது. இரண்டும் வேறு வேறு வழி. இதைப் பிரித்துச் சொல்லாத வரையறை பிள்ளைகளைக் குழப்பும்.

இனி 'பகாநிதி'. பகா எண் இயல்பிலேயே பகாது. 7-ஐ என்ன செய்தாலும் முடியாது. செஸ் அப்படியா? தாராளமாகப் பகும். சட்டம் பகுக்கச் சொல்லவில்லை, அதனால் பகுக்கவில்லை. 'பகா' என்றால் அது இயற்கை விதி மாதிரி ஒலிக்கிறது. அங்கேதான் அரசியலே இருக்கிறது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு பெட்ரோல் லிட்டருக்கு ஒன்றிய வரி 32 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படை எக்சைஸ் (கலால் வரி) 1.40. மீதி: சிறப்புக் கூடுதல் எக்சைஸ் 11, சாலை உள்கட்டமைப்பு செஸ் 18, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. பங்குக்கு வந்தது அந்த 1.40 மட்டும். அதில் கேரளத்துக்கு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு காசு. மாநிலத்தின் சொந்த விற்பனை வரி வேறு, அதை இதோடு சேர்க்காதீர்கள். எந்தப் பெயரில் வரி போடுவது என்ற முடிவுதான் ரூபாயை உள்ளேயோ வெளியேயோ வைக்கிறது. பகு, பகா என்று இலக்கணம் பேசினால் முடிவெடுத்தவர் காணாமல் போகிறார்.

'பகிராத' என்று மாற்றினாலும் சரியாகாது. ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் மாநிலங்களுக்கென்றே வசூலானது. 'பங்குக்கு வெளியே' என்பதுதான் சரி.

பாறசாலையிலிருந்து, புதன் மதியம்

பகா எண் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். பகாநிதியை விட்டுவிடுகிறேன். பகுவை விடமாட்டேன்.

'பகுதி என்றால் பாதி' என்று பயமுறுத்துகிறார் தேவிகுளத்தார். பழைய திருவிதாங்கூரில் வருவாய்க் கிராமத்துக்கே பகுதி என்றுதான் பெயர். பகுதிக் கச்சேரியில் (அலுவலகத்தில்) கரம் (நிலவரி) கட்டியவர்கள் பாதிக் கச்சேரி என்று நினைத்தார்களா? தமிழில் பகுதிக்கு அரசிறை, திறை என்ற பொருளும் உண்டு. வரிக்கும் பகுவுக்கும் உள்ள உறவு நான் உண்டாக்கியது இல்லை. மலையாளக் காதுக்குப் பயந்து தமிழ்ச் சொல்லை ஒதுக்கினால் கடைசியில் 'பூல்' தான் மிஞ்சும்.

'நிதி' வேண்டாம் என்பது நியாயம். 'பகுதொகை' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, புதன் இரவு

சித்தூர் சார், வரையறையைத் திருத்திவிட்டேன், நன்றி. ஐஜிஎஸ்டி கணக்கைத் தனிப் பெட்டியாகப் போடுகிறேன்.

'பூல்' என்பதால் குளம், ஏரி என்று போகலாமா என்றும் பார்த்தேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆளியாற்றுத் தண்ணீர் தெரியும். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தத்தில் மணக்கடவில் அளந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி விட வேண்டும். அது தமிழ்நாட்டின் கருணை இல்லை, சித்தூர்ப் பாசனத்தின் உரிமை. பங்கு என்பது தானம் இல்லை என்று விளக்க அருமையான உதாரணம். ஆனால் தண்ணீர் நிலையான அளவு, வரி சதவீதம். வசூல் குறைந்தால் பங்கும் குறையும். அதனால் உதாரணம் விளக்கத்தில் இருக்கட்டும், பெயரில் வேண்டாம்.

தேவிகுளத்திலிருந்து, புதன் நள்ளிரவு

டீச்சர் தானம் என்றதும் ஒன்று தோன்றியது. பழைய படியில் 'பகிர்ந்தளிக்கத்தக்க' என்று இருக்கிறதே, அந்த 'அளி'யை வெட்டுங்கள். அளித்தல் மேலிருந்து கீழே கொடுப்பது. அருள் வாசனை அடிக்கிற சொல். 270-ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு என்ன சொல்கிறது? மாநிலங்களின் சதவீதம் இந்தியத் திரள்நிதியத்தின் (ஒன்றிய அரசின் வருவாய் சேரும் பொதுக் கணக்கின்) பகுதியாகவே ஆகாது, மாநிலங்களுக்கு உரித்தாக்கப்படும் என்கிறது. மாதாமாதம் வருவதும், மார்ச்சில் கூடுதலாக வருவதும் சேர்த்து வழக்கமாக ஆண்டுக்கு 14 தவணை. எதிலும் யாரும் யாருக்கும் எதையும் அளிக்கவில்லை. 275-ஆம் உறுப்பின் மானியத்துக்கு வேண்டுமானால் அளித்தலை வைத்துக்கொள்ளுங்கள். 'தொகுப்பு'ம் வேண்டாம், திரள்நிதியத்தைப் பலர் தொகுப்பு நிதி என்றுதான் எழுதுகிறார்கள்.

என் முன்மொழிவு 'பகிர்வுக்குரிய வரித்தொகை'. உரிய என்பதில் உரிமை இருக்கிறது. செஸ், சர்சார்ஜுக்கு 'பகிர்வுக்கு உட்படாத வரித்தொகை'. புதுச்சொல் என்ற பெருமை கிடையாது. ஆனால் அகராதி இல்லாமல் புரியும்.

கையோடு, உங்கள் படியில் கண்ணில் பட்ட வேறு மூன்று. மலையாள 'விஹிதம்' பங்கு, ஒதுக்கீடு. தமிழில் அதை 'திட்ட விகிதம்' என்று எழுதியிருக்கிறீர்கள், அது கணக்குப் பாடத்து விகிதம் ஆகிவிடும். 'திட்ட ஒதுக்கீடு' என்று மாற்றுங்கள். பஞ்சாயத்தின் 'தனது நிதி' என்பது மலையாளத் தனது. தமிழில் 'சொந்த நிதி'. இல்லாவிட்டால் யாருடைய நிதி என்று பிள்ளை கேட்கும். 15-ஆம் ஆணையத்தின் பங்கீட்டு அளவுகோலில் 45 சதவீத எடையுள்ளதை (மாநிலத்தின் தலா வருமானம் உயர்ந்த மாநிலத்தைவிட எவ்வளவு குறைவு என்பதை) 'வருமான தூரம்' என்று போட்டிருக்கிறீர்கள். கிலோமீட்டரிலா? 'வருமான இடைவெளி' போதும்.

சித்தூரிலிருந்து, வியாழன் காலை

தேவிகுளத்துக்கு என் ஓட்டு. நீளம்தான், ஆனாலும் ஒரு வரிக்குள் அடங்கும். செஸ்ஸை செஸ் என்றே விடுங்கள். 'மேல்வரி' என்று சிலர் செஸ்ஸுக்கும் போடுகிறார்கள், சர்சார்ஜுக்கும் போடுகிறார்கள். வருமான வரியில் முதலில் வரி, அதன் மேல் சர்சார்ஜ், இரண்டும் சேர்ந்ததன் மேல் 4 சதவீதம் செஸ். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் 'மேல்வரியின் மேல் மேல்வரி' என்று எழுத நேரும்.

பாறசாலையிலிருந்து, வியாழன் மதியம்

'பகிர்வுக்குரிய வரித்தொகை' கலைச்சொல் இல்லை, விளக்கவுரை. ஒரு மொழியில் எல்லாமே விளக்கவுரையாக இருந்தால் அறிவியல் எழுத முடியாது. தமிழ்நாட்டுக் கூட்டல் வரி ரசீதில் 'நூலக வரி' என்று இரண்டே சொல்லில் ஒரு செஸ்ஸுக்குப் பெயர் வைத்து, அது நின்றும் விட்டது. சுருக்கமாக வைத்தால் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி. பகுதொகையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். என் மறுப்பு பதிவாகட்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வியாழன் இரவு

பகிர்வுக்குரிய வரித்தொகை என்றே அனுப்புகிறேன். மூவர் சரி என்கிறார்கள், ஒருவர் மறுப்பு, நகரி ஐயா வாரத்தில் நிற்கிறார். மாஷே, பகுதொகையைச் சொல்லடைவில் சேர்த்திருக்கிறேன், பாடத்துக்குள் இல்லை. செஸ், சர்சார்ஜ் அப்படியே. 'தனது நிதி', 'வருமான தூரம்' இரண்டும் திருத்தியாயிற்று. மாஷின் மடலில் 'கூட்டல் வரி' என்று விழுந்திருப்பது வீட்டு வரிதானே?

பாறசாலையிலிருந்து, வியாழன் இரவு

வீட்டு வரிதான். கைபேசித் தட்டச்சு.

நகரியிலிருந்து, வெள்ளி காலை

தாமதத்துக்கு மன்னிக்கவும். வாருதல் பற்றி நேற்று முழுவதும் பார்த்தேன். தெலுங்கில் பங்குக்கு வாட்டா என்கிறார்களே, அதை வாரத்தோடு இணைக்க முடியுமா என்பது ஒரு பெரிய கேள்வி. நான்கு காரணங்களால் முடியும் என்று நினைக்கிறேன். முதல் காரணம்

தேவிகுளத்திலிருந்து, வெள்ளி காலை

ஐயா, மடல் பாதியில் அறுந்துவிட்டது. டீச்சர், அச்சகத்துக்குப் போன கோப்பில் 14-ஆம் பக்க அட்டவணைத் தலைப்பில் 'திட்ட விகிதம்' இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.