ஆறு மாத இன்டர்ன்ஷிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறலாமா? (பெங்களூரு, பீன்யா)

பீன்யா பையன்:
கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல், கடைசி செமஸ்டர். கல்லூரியில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கிக்கொண்டு பீன்யாவில் ஒரு சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின்) கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் வந்து ஒன்பது வாரம் ஆகிறது. முதல் மாதம் முழுக்கக் கையில் அரத்தைக் கொடுத்துப் பிசிறு எடுக்க உட்கார வைத்தார்கள். இப்போது இன்ஸ்பெக்ஷன் டேபிளில் வெர்னியர் பிடித்து அளவு பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுகிறேன், ஒரு நாளைக்கு இருநூறு புஷ் (குழாய்த் துண்டு போன்ற உலோக பார்ட்). ஸ்டைபண்ட் 8,000, பி.ஜி. வாடகை 7,500, மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒயிட்ஃபீல்டில் ஒரு டிசைன் கம்பெனியில் கூப்பிட்டார்கள். கேட் (CAD) வேலை, அதாவது கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது, 20,000, திங்கட்கிழமையே சேர வேண்டும். இங்கே சொன்னால் விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டுப் போனை அணைத்துவிடு, என்ன பெரிய சம்பளமா வாங்குகிறாய் என்கிறான் ரூம்மேட். ரிப்போர்ட்டுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டேன், ஐந்தாறு டிராயிங்கும் மெஷின்களும் போனில் போட்டோவாக இருக்கின்றன. லாக்புக் மட்டும் மூன்றாவது வாரத்தோடு நிற்கிறது. கல்லூரிக்குச் சொல்லாமல் மாறிவிட்டுக் கடைசியில் இரண்டு சர்டிஃபிகேட்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா?

மெட்ரோ பிடிக்காதவன்:
ஒயிட்ஃபீல்டுக்காரர்கள் டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ் என்று ஏதாவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அதோடு விட்டுவிடு. கேட்கவில்லை என்றால் போய்விடு தம்பி. இருநூறு புஷ் அளக்கிறதற்கு நீ பி.இ. படிக்க வேண்டியதில்லை.

க்யூ.சி. 17:
தம்பி, கம்பெனி மாறுவது அப்புறம். முதலில் அந்தப் போட்டோக்களைப் பற்றிப் பேசலாம், ஏனென்றால் உன் கேள்வியிலேயே எனக்குத் தூக்கிப்போட்டது அதுதான், நீயோ அதை ரிப்போர்ட் ரெடி என்கிற கணக்கில் எழுதியிருக்கிறாய். நானும் இந்தப் பேட்டையில்தான் பதினோரு வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். எங்களைப் போன்ற, அடுத்தவர் ஆர்டருக்குப் பார்ட் செய்து கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டில் மெஷின் எங்களுடையது, ஆனால் டிராயிங் எங்களுடையது இல்லை, கஸ்டமருடையது. கீழே வலது மூலையில் டைட்டில் பிளாக் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கஸ்டமர் பெயர், பார்ட் நம்பர், ரிவிஷன் எல்லாம் இருக்கும், பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே எழுத்துமூல அனுமதி இல்லாமல் நகல் எடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார், தெரியும். சேரும் அன்று இரண்டு மூன்று தாளில் கையெழுத்து வாங்கினார்களே, அதில் ஒன்று அநேகமாக இதற்கானதுதான்.

இதை ரிப்போர்ட்டில் ஒட்டிக் கல்லூரியில் கொடுத்தால் அது லைப்ரரிக்குப் போகும், ஜூனியர்கள் காப்பி அடிப்பார்கள், எவனாவது பி.டி.எஃப். ஆக்கி இன்டர்நெட்டில் ஏற்றுவான். எங்களிடம் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறது. கஸ்டமர் ஆடிட்டில் வந்த ஆள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார், எங்கள் பார்ட், அதைப் பிடித்து வைக்கிற எங்கள் ஃபிக்ஸர், ஒரு மாணவனின் ரிப்போர்ட்டில் 34ஆம் பக்கம். அந்த ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை, ஆனால் அதற்கு அடுத்த இரண்டு வருடம் நாங்கள் ஒரு இன்டர்னைக்கூட எடுக்கவில்லை. இன்றைக்கே சூப்பர்வைசரிடம் போய், தெரியாமல் எடுத்துவிட்டேன், அழித்துவிடுகிறேன் என்று சொல்லி அவர் கண் முன்னாலேயே அழி. கேலரியில் அழித்தால் போதாது, வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பியிருந்தால் அதுவும், கூகுள் போட்டோஸ் பேக்கப்பும். ரிப்போர்ட்டுக்கு நீயே ஒரு ஸ்கெட்ச் போடு, அளவுகளை விட்டுவிடு, பார்ட் பெயரை மாற்று, கல்லூரிக்கு அனுப்பும் முன் அவரிடம் ஒரு தடவை காட்டு.

பிசிறு எடுப்பதைக் கேவலமாக நினைக்காதே என்று நான் சொன்னால் பெரிசு பேசுகிறது என்பாய், சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். இருநூறு அளவு எழுதினாயே, வெளிவிட்டம் காலையில் என்ன, சாயங்காலம் என்ன என்று கிராஃப் போட்டுப் பார்த்தாயா? இன்செர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய அது மெல்ல ஏறிக்கொண்டே போகும், அப்புறம் ஆபரேட்டர் அந்தத் தேய்மானத்துக்கு மெஷினில் ஆஃப்செட் (திருத்தம்) கொடுத்ததும் சட்டென்று இறங்கும். உன் ரிஜிஸ்டரிலேயே ஒரு முழு அத்தியாயம் கிடக்கிறது.

எட்டாவது செம் கோஆர்டினேட்டர்:
நான் கல்லூரிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இன்டர்ன்ஷிப் உன் சொந்த விஷயம் இல்லை, கிரெடிட் உள்ள பாடம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) கொள்கையே நான்கு வருடப் படிப்புக்குள் 600 முதல் 700 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறது, அதனால் எந்த மணி நேரம் எங்கே போனது என்பதற்கு எங்களுக்குக் காகிதம் வேண்டும். என்.ஓ.சி. அந்தக் கம்பெனி பெயருக்குத்தான் கொடுத்தோம். சொல்லாமல் மாறினால் ஒயிட்ஃபீல்டில் நீ செய்யும் வேலை எங்கள் ரெக்கார்டில் இல்லாத வேலை, அங்கே ஏதாவது விபத்து நடந்தால் நீ அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியாது. இரண்டு சர்டிஃபிகேட் என்பதெல்லாம் வைவாவில் ஐந்து நிமிடம் நிற்காது, நாங்கள் கம்பெனிக்குப் போன் செய்வோம்.

மாறவே கூடாது என்று சொல்லவில்லை. காரணத்தை எழுதிக் கைடுக்கு மெயில் போடு, கம்பெனி எச்.ஆரை சி.சி.யில் வை, இத்தனாம் தேதி வரை வருகிறேன் என்று குறிப்பிடு. ஒன்பது வாரம் பிசிறும் வெர்னியரும்தான் என்றால் அதை மூன்றாவது வாரமே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் அந்தக் கம்பெனியிடம் பேசியிருப்போம். அந்தப் பேச்சுக்குத்தான் கைடு என்று ஒருவரை வைத்திருக்கிறோம்.

அப்புறம் லாக்புக். இருபது வாரத்தையும் ஒரே ராத்திரியில் எழுதினால் எங்களுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, 5ஆம் வாரத்திலிருந்து ‘ஷாப் ஃப்ளோரில் பல்வேறு பணிகளைக் கவனித்தேன்’ என்று ஒரே வரி, அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குக்கூடப் பதிவு!

வாட்டர்லூ பழையவன்:
இப்போது பெல்லந்தூரில் இருக்கிறேன், படித்தது கனடாவில் வாட்டர்லூவில். அங்கே 1957லிருந்தே கோ-ஆப் முறைதான், நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் வேலை என்று மாறி மாறி வரும். ஒரு இடத்தை ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான், இரண்டு வாரம் கழித்து இதைவிடப் பெரிய கம்பெனி கூப்பிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்க வேண்டும். எனக்கே நடந்தது. டொரன்டோவில் நல்ல இடம் வந்தபோது நான் ஒரு கிடங்கில் எக்செல் ஷீட் நிரப்பிக்கொண்டிருந்தேன். கோபம்தான். கோ-ஆப் அலுவலகத்தில் போய் முறையிட்டேன், அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ விட்டுப் போனால் அந்த இடம் அடுத்த வருடம் உன் ஜூனியருக்குக் கிடைக்குமா என்று ஒரே கேள்வி கேட்டார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பீன்யா பையனுக்கு இன்னொரு விஷயம் பிடிக்கலாம். இந்த முறையே உன்னுடையதைப் போன்ற பட்டறைகளில் தொடங்கியதுதான். 1906இல் அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களை வைத்து ஆரம்பித்தார், பாதிப் பேர் ஒரு வாரம் வகுப்பில், மீதிப் பேர் தொழிற்சாலையில், அடுத்த வாரம் இடம் மாற்றம். அப்போது அந்த ஊர் மெஷின் டூல் செய்கிற ஊர்.

மெட்ரோ பிடிக்காதவன்:
கனடாக் கதையெல்லாம் சரி சார், அங்கே ஸ்டைபண்டில் வாடகை போக 500 ரூபாய்தான் மிஞ்சுமா?

வாட்டர்லூ பழையவன்:
இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அங்கே கோ-ஆப் சம்பளத்தில் அடுத்த டெர்ம் ஃபீஸின் ஒரு பகுதியே கட்டினேன். 8,000க்கு பெங்களூரில் ஒரு பையனை வைத்திருப்பது கம்பெனி தப்புத்தான், அதைச் சேரும் முன்பே கேட்காதது அவன் தப்பு.

பீன்யா பையன்:
எல்லோருக்கும் நன்றி. மெட்ரோ அண்ணா, அவர்கள் டெபாசிட் எதுவும் கேட்கவில்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், க்யூ.சி. அண்ணன் சொன்ன பொடி எழுத்து அப்படியே இருக்கிறது. நேற்று டீ டைமில் சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் போனை வாங்கி அவரே ஒவ்வொன்றாக அழித்தார், கேட்டில் உன் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டவில்லையா என்று மட்டும் கன்னடத்தில் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

ஒயிட்ஃபீல்டுக்கு இந்த மே வரை வர முடியாது என்று மெயில் போட்டேன், அவர்கள் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வருத்தம்தான், பொய் சொல்லவில்லை. கைடு கம்பெனிக்குப் போன் செய்தார், அதன் பிறகு மேனேஜர் கூப்பிட்டு சி.எம்.எம். (பார்ட்டை நுட்பமாக அளக்கும் மெஷின்) ரூமில் போடுகிறேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் என்பது எந்த வாரம் என்று தெரியவில்லை. நாளை ரிஜிஸ்டர் அளவுகளை வைத்து கிராஃப் போட்டு எடுத்துக்கொண்டு போய் ஞாபகப்படுத்தலாம் என்று இருக்கிறேன்.

லாக்புக்கில் நாலாவது வாரத்திலிருந்து ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதினேன், இல்லாத நாளைக் காலியாக விட்டு சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். ஆமாம், ஜாலஹள்ளி பக்கத்தில் 9ஆம் நம்பர் சேஃப்டி ஷூ மலிவாக எங்கே கிடைக்கும்? என்னுடையது அடி பெயர்ந்துவிட்டது, கேட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.