முதல் ஜெட் ஸ்கீ: புது ஸ்பார்க்கா, பழைய ஜிடிஐயா?

சிம்கோ_தம்பி:
வணக்கம். இந்த சமருக்கு ஒரு ஜெட் ஸ்கீ, அதான் தண்ணியில ஓடுற ஸ்கூட்டர், வேண்டுவமெண்டு இருக்கிறன், ஓடப்போறது இங்க கனடாவில லேக் சிம்கோ ஏரியில. நான், மனிசி, 9 வயசு மகன். பெரிய காசு போட ஏலாது. புதுசில சீ-டூ கொம்பனியின்ர ஸ்பார்க்தான் மலிவு எண்டு கடையில சொல்லுறாங்கள், கூட வேலை செய்யிற பெடியன் அது விளையாட்டுச் சாமான், அதே சீ-டூவில பழைய ஜிடிஐ 130 மாடல் பார் எண்டுறான். ஆர் சொல்லுறது சரி?

மார்க்கம்_மாமா:
யோசிக்காம ஸ்பார்க்கை எடும் தம்பி. 900 ஏஸ் எஞ்சின், மூண்டு சிலிண்டர், எஞ்சினுக்க காத்தை அழுத்தித் தள்ளுற சூப்பர்சார்ஜர் எண்ட தலையிடி இல்லை. எஞ்சினைக் குளிராக்கிற கூலன்ட் உள்ளுக்கயே சுத்தும், ஏரித் தண்ணி எஞ்சினுக்க போகாது. 200 கிலோ அளவுதான் நிறை, பெரிய ட்ரக் தேடத் தேவையில்லை, பெற்றோலும் பெருசா குடிக்காது. வாரன்டியும் இருக்கு, வேறென்ன வேணும்?

கோவை_பையன்:
மாமா, நீங்க தனியா ஓட்டுற ஆளு, அதான் இப்படி சொல்றீங்க. சிம்கோ குளம் இல்ல, மத்தியானத்துக்கு மேல காத்து கிளம்பிச்சுன்னா வெள்ளை வெள்ளையா அலை அடிக்கும், அந்த எடைக்கு ஸ்பார்க் தூக்கித் தூக்கிப் போடும், பின்னாடி உக்காந்த மனைவிகிட்ட அப்புறம் கேட்டுப் பாருங்க எப்படி இருந்துச்சுன்னு. ரெண்டு சீட் ஸ்பார்க் தாங்குறது 160 கிலோ, மூணு சீட் 205 கிலோ. டேங்க் வெறும் 30 லிட்டர். ஜிடிஐ முந்நூறு கிலோவுக்கு மேல, 60 லிட்டர் டேங்க், 1500 சிசி எஞ்சின், அதுலயும் சூப்பர்சார்ஜர் கிடையாது, கூலன்டும் உள்ளேயே சுத்துறதுதான். எஞ்சின்ல நீங்க சொன்ன நல்லதெல்லாம் அதுலயும் இருக்கே?

மார்க்கம்_மாமா:
இருக்கும், ஆனா முதல் வச்சிருந்தவன் என்ன செய்தவனெண்டு ஆருக்குத் தெரியும்? குளிருக்கு முன்னம் ஒழுங்கா மூடி வச்சவனா, கரையில மணலுக்க ஓடினவனா, ஒண்டும் தெரியாது. ஒருக்கா உடைஞ்சா மிச்சம் பிடிச்ச காசு முழுக்க மெக்கானிக்குத்தான்.

யமஹா_அக்கா:
யமஹாவின்ர இஎக்ஸ் மாடலை ஒருத்தரும் சொல்லேல்லயே? 2017 மாடலில இருந்து வருது, 1049 சிசி, 50 லிட்டர் டேங்க், ஸ்பார்க்கை விடப் பாரம், அலையில கொஞ்சம் மரியாதையா போகும். ஹல், அதான் அடி உடம்பு, பைபர்கிளாஸ், அடிபட்டா ஒட்டிப் பூசலாம். ஸ்பார்க்கின்ர பிளாஸ்டிக் ஹல் கீறலைத் தாங்கும், ஆனா வெடிச்சா அதை வெல்ட் பண்ணத் தெரிஞ்ச ஆளைத் தேடோணும்.

கோவை_பையன்:
அக்கா, இஎக்ஸ் நல்ல வண்டிதான், ஆனா அடிமட்ட மாடல்ல ரிவர்ஸே இல்லையே. புதுசா ஓட்டுறவங்களுக்கு அதான் சிக்கல். இந்த வண்டில திரும்புறதே பின்னாடி பீச்சுற தண்ணிலதான். டாக் கிட்ட வந்து பயந்துபோய் கை த்ராட்டில விட்டுட்டா தண்ணி பீச்சுறது நின்னுடும், அப்புறம் ஹேண்டில எவ்ளோ திருப்பினாலும் வண்டி பாட்டுக்கு நேரா போய் முட்டும். காசை எங்க மிச்சம் பண்ணினாலும் சரி, ஐபிஆர்னு சீ-டூல வர்ற பிரேக், ரிவர்ஸ்ல மட்டும் பண்ணாதீங்க. ஸ்பார்க்லயும் எல்லா வண்டிலயும் வராது, கேட்டு வாங்கணும்.

மார்க்கம்_மாமா:
இதில மட்டும் உம்மோட நான் ஒத்துவாறன்.

சிம்கோ_தம்பி:
2000 டொலருக்கு 1997 சீ-டூ ஒண்டும் விளம்பரத்தில கிடக்கு. பழக அது போதாதோ?

யமஹா_அக்கா:
ஐயோ வேண்டாம். 90களில வந்த சீ-டூவில சாம்பல் நிற பெற்றோல் பைப் இருக்கும், அது காலப்போக்கில உள்ளுக்க கரைஞ்சு பச்சையா பசை மாதிரி கார்பரேட்டரை அடைக்கும், பெற்றோல் போதாம டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இறுகிப்போகும். நீங்களே கழட்டிப் பூட்டுற ஆளெண்டா சரி. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்ததில சூப்பர்சார்ஜர் உள்ளதையும் விடுங்கோ, அதுக்குள்ள செராமிக் வாஷர் உடைஞ்சு துண்டு எஞ்சினுக்க போன கதை எத்தினையோ.

கோவை_பையன்:
இன்னொண்ணு, பையனை காத்தடிச்ச ட்யூப்ல உக்கார வச்சு பின்னாடி கட்டி இழுக்கணும்னா ரெண்டு சீட் வண்டிய மறந்துடுங்க. கனடா சட்டப்படி மூணு பேர் சீட் இருக்கணும், ஒருத்தர் பின்னாடி பாத்துட்டே வரணும். இதை ஓட்டுறதுக்கான ஆபரேட்டர் கார்டு எடுத்தாச்சா? பையன் 16 வயசு ஆகுற வரைக்கும் ஓட்டக் கூடாது, மடியில வச்சு ஹேண்டில குடுக்குற வேலையெல்லாம் வேணாம்.

சிம்கோ_தம்பி:
கார்டு எடுத்திட்டன். மூண்டு பேர் நிறையைக் கூட்டிப் பாத்தன், லைஃப் ஜாக்கெட், சாப்பாட்டுப் பையோட மூண்டு சீட் ஸ்பார்க்கில மட்டுமட்டா வருது. மகன் வேற வளருறான். அப்ப ஐபிஆர் உள்ள ஜிடிஐ எஸ்இ, 2011க்குப் பிறகு வந்ததா பாப்பம். மாமா கோவிக்கக் கூடாது.

மார்க்கம்_மாமா:
கோவம் என்னத்துக்கு, காசு உம்மட. ஆனா ட்ரெய்லரில வச்சு ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா காசைக் குடுத்திடாதேயும், தண்ணிக்க இறக்கி முழு வேகத்தில ஓடிப் பாரும். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி பாயேல்லையெண்டா தண்ணியைத் தள்ளுற இம்பெல்லரைச் சுத்தி இருக்கிற வெயார் ரிங் தேய்ஞ்சிருக்கும். அது சின்னச் செலவுதான், விலையைக் குறைக்க உதவும். டார்ச் அடிச்சு இம்பெல்லர் ஓரத்தையும் பாரும், கல்லு இழுத்ததெண்டா நெளிஞ்சு கிடக்கும். சிலிண்டருக்க அழுத்தம், அதான் கம்ப்ரெஷன், பாக்க விடமாட்டன் எண்டு சொன்னா திரும்பி வாரும்.

யமஹா_அக்கா:
வேண்டினாப் பிறகு ஹோஸ் பூட்டி உள்ளுக்க கழுவேக்க முதல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டுத்தான் தண்ணி பைப்பைத் திறக்கோணும், முடிக்கேக்க தண்ணி பைப்பை முதல் பூட்டிப்போட்டு எஞ்சினை நிப்பாட்டோணும். மாறிச் செய்தா தண்ணி எக்ஸாஸ்டால திரும்பி எஞ்சினுக்க போயிடும்.

சிம்கோ_தம்பி:
சரி அக்கா. சனிக்கிழமை பாரி டவுன் பக்கம் ஒண்டு பாக்கப் போறன், கோவைத் தம்பி நேரமிருந்தா கூட வாறீரே?

கோவை_பையன்:
வர்றேன் அண்ணா. விக்கிறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, வண்டிய தண்ணில இறக்கணும்னு.