வீடியோவில் புரிகிறது, அசைன்மென்டில் கை நிற்கிறது. ஏன்?

நெல்லைக்காரன்:
மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். கிரெடிட்டுக்காக, ஐஐடிக்காரர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல்லில் 12 வாரப் பாடம் ஒன்று எடுத்திருக்கிறேன். வகுப்பில் என் நோட்ஸைத்தான் எல்லாரும் வாங்கிப் படிப்பார்கள், ஆனால் இங்கே வீடியோ ஓடும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது, அசைன்மென்டைத் திறந்தால் முதல் கேள்வியே நகரவில்லை. இரண்டு வாரம் பாக்கி சேர்ந்துவிட்டது. எனக்கு மட்டும்தானா இப்படி?

சாக்பீஸ்:
உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி. எம்ஐடி, ஹார்வர்டு இரண்டும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் அடக்கம், சரி, ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலேயே பாதிப்பேர்கூட முடிக்கவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவள். வகுப்பில் பையன்களின் முகம் சுருங்கினால் நான் நிறுத்திவிட்டு மறுபடி சொல்வேன், நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டதைப் பின்பெஞ்சில் ஒருவன் கேட்டுத் தொலைப்பான், கரும்பலகையில் இருப்பதைக் கையால் எழுதியாக வேண்டும். வீடியோவில் இது எதுவும் கிடையாது. அதில் வரும் ஆசிரியர் போடுகிற கணக்கு வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த வரி வந்ததும் "ஆமாம்" என்று தோன்றும், அந்த வரியை நீங்களே கொண்டுவர முடியுமா என்று யாரும் சோதிக்க மாட்டார்கள். கணக்கைப் படித்ததும் வீடியோவை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வீடியோ இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

தறிச்சத்தம்:
டீச்சர் சொன்னது பாதிதான். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் டிவியும் ஓடும், தறியும் ஓடும். தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு ஆங்கில உச்சரிப்பைப் பிடிப்பதற்குள் கணக்கு முடிந்துவிடும். நான் வேகத்தை 0.75-க்குக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். என்பிடெல்லில் நிறையப் பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது, முதலில் அதைப் படித்துவிட்டு வீடியோவுக்குப் போ.

சாக்பீஸ்:
அதுவும் நியாயம்தான். அந்த வசதி நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை.

அரியர்_இல்லை:
பயப்படாதே தம்பி, பொதுவாக 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு, அதுவும் மொத்தத்தில் 25 மார்க்குதான். மீதி 75 மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு.

நெல்லைக்காரன்:
அப்போது பாக்கியை விட்டுவிடலாமா? இந்த வாரப் பாடம் அதன் மேல்தான் நிற்கிறது.

அரியர்_இல்லை:
மார்க்கை விடு, பாடத்தை விடாதே. கெடு முடிந்ததும் விடை வெளியிடுவார்கள். முதலில் அந்தக் கேள்விகளை விடையைப் பார்க்காமல் போட்டுப் பார், எங்கே நிற்கிறதோ அந்த வீடியோவை மட்டும் பார்த்தால் போதும்.